தகவல் இல்லையென்றால் பச்சை

"பச்சையாத்தானே இருக்கு? அப்ப நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன். வரும்போதே பசின்னு வந்து நிப்பான்" என்று சொல்லிவிட்டு மாமியார் போனை வைத்தார்.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். கணவனின் பெயர், புகைப்படம், சுற்றிலும் பச்சைக் கட்டம். காலை எட்டேகாலுக்குப் பெயிண்ட் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்தபோது உள்ளே இருந்த இருநூற்றுப் பதினாலு பேரில் அவனும் ஒருவன்.

வெடித்த ஒரு மணி நேரத்தில், குடும்பங்கள் பார்ப்பதற்காக அந்த இணையப் பக்கத்தைத் திறந்துவிட்டதே அவள்தான். அவள் வேலை பார்த்த சின்ன கம்பெனிதான் தொழிற்சாலையின் இணையதளத்தைக் கவனித்துவந்தது. மேலாளர் வீட்டுக்குப் போகச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மறுத்துவிட்டாள்.

பச்சை என்றால் பத்திரம், மஞ்சள் என்றால் காயம், சாம்பல் என்றால் இன்னும் தகவல் இல்லை. இறந்தவர்களுக்கு நிறம் கிடையாது. அதை நேரில்தான் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஏற்ற வேண்டாம் என்று தொழிற்சாலை கேட்டுக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு மேலாளர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு பெண் போன் செய்தாளாம். "ஆஸ்பத்திரியில என் தம்பி உடம்பைக் காட்டிட்டாங்க. உங்க பக்கத்துல அவன் இன்னும் பச்சையா இருக்கான்" என்றாளாம்.

அவள் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை இறக்கிப் பார்த்தாள். யாரைப் பற்றியும் இன்னும் தகவல் ஏறாத நிலையிலேயே இருநூற்றுப் பதினாலும் பச்சையாக இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் பத்து நிமிடத்தில் பிடிபட்டது. அந்தப் பெயர்க் கட்டம் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பள்ளிச் சுற்றுலாவுக்காக அவளே எழுதியது; ஒருமுறை எழுதிவிட்டால் எந்தத் தளத்திலும் எடுத்துச் செருகிக்கொள்ளலாம். பிள்ளைகளைப் பற்றித் தகவல் வராவிட்டால் நலம்தான் என்று, பச்சையைக் கட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்திருந்தாள்.

தொழிற்சாலைத் தளத்தின் பொது அமைப்பில் 'தகவல் இல்லையென்றால் சாம்பல்' என்று காலையில் சரியாகத்தான் போட்டிருந்தாள். மற்ற பாகங்கள் எல்லாம் அதைக் கேட்டு நடந்தன. கட்டம் மட்டும் புகுந்த வீட்டுச் சட்டத்தைக் கேட்காமல் பிறந்த வீட்டுப் பழக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்தை மூடினால் உண்மையிலேயே பிழைத்தவர்கள் வீட்டுக்கும் செய்தி போகாது. அதனால் மேலே 'நிறங்களை இப்போதைக்கு நம்ப வேண்டாம்' என்று ஒரு வரி போட்டார்கள். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வேறு யாராவது இதைச் சரிசெய்ய முடியுமா என்று மேலாளர் கேட்டார். முடியாது என்றாள். அதே கட்டம் இன்னும் நான்கு தளங்களில் ஓடிக்கொண்டிருந்தது, தெரியாதவர்கள் கைவைத்தால் அவையும் கவிழும். எந்தத் தளத்தில் இருக்கிறதோ அந்தத் தளத்தின் பொது அமைப்பைக் கேட்டு நிறம் எடுக்கும்படி மாற்றி எழுத இரண்டு மணி நேரமாவது ஆகும்.

எழுதினாள். மாமியார் இரண்டு முறை கூப்பிட்டார். எடுத்தால் பொய் சொல்ல வேண்டும் என்று எடுக்கவில்லை.

மேலாளர் போனைக் காதில் வைத்தபடி தாழ்வாரத்துக்குப் போனார், வந்தார், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒன்றரை மணிக்கு எல்லாம் தயார். ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தினால் அவன் சாம்பலாகிவிடுவான்.

அழுத்தாவிட்டால் இருநூறு வீட்டில் பொய்யாக அடுப்பு எரியும் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

திறந்தபோது திரை முழுக்கச் சாம்பல். இடையிடையே மஞ்சள், நாற்பதோ ஐம்பதோ பச்சை. வரிசை வரிசையாக விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். கணவன் பச்சையில் இருந்தான்.

நம்பிக்கை வராமல் விவரங்களைத் திறந்து பார்த்தாள். மேலே இருந்தவருக்குத் தகவல் தந்தவர் 'இரண்டாம் வாயில் காவலர்', கீழே இருந்தவருக்கு 'ஆஸ்பத்திரி வரவேற்பு'. அவனுக்கு 'அலுவலகம்' என்று மட்டும் இருந்தது, நேரம் பன்னிரண்டு நாற்பது.

யார் சொன்னால் என்ன, யாரோ அவனைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவள் மாமியாரைக் கூப்பிட்டாள். "அத்தை, காலையில காட்டினது தப்பு. இப்பக் காட்டுறதுதான் நிஜம். அவர் பத்திரமா இருக்கார்."

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, காலையிலிருந்து அழாத அந்த மனுஷி அழ ஆரம்பித்தார்.

போனை வைத்துத் திரும்பியபோது மேலாளர் அவளுடைய கைப்பையை எடுத்துக்கொண்டு நின்றார். கார் கீழே நிற்கிறது, தானும் கூட வருகிறேன் என்றார். தொழிற்சாலை வாசலுக்குத்தானே என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்றார்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு சார்? அவர் பச்சையிலதானே இருக்கார்?"

அவர் பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

"அதை நான்தாம்மா போட்டேன்."