உறைக்குள் சத்தம்

கெல்மா நகருக்குத் தெற்கே, அரளிப் புதர்களுக்கு நடுவே, லூஞ்சா ஓடைக்கரைச் சேற்றில் குப்புறப் படுத்திருக்கிறாள். கேமராவுக்கு முன்னால் நாணலில் ஒரு நீல ஊசித்தட்டான். இந்த அரிய இனம் இங்கே வாழ்கிறதென்று காட்டிவிட்டால், ஓடையைச் சிமெண்டுக் கால்வாயாக்கும் வேலை நின்றுபோகும். காற்றில் நாணல் ஆடுகிறது. எடுத்த படத்திலெல்லாம் வால் நுனி மங்கல். "வால் கொக்கி தெரியாட்டி என்ன இனம்னு எவன் நம்புவான்? உன் படத்தை முடிவெட்டற கடையிலதான் மாட்டணும்" என்று சிரிக்கிறார் கூட வந்த பூச்சி ஆய்வாளர் மவ்லூத். "கொஞ்சம் பொறுங்கண்ணே. ஓடை முழுக்கத் தேடி இந்த ஒரு ஆண்தான் கிடைச்சிருக்கு." "புல்டோசர் பொறுக்குமா?" மவ்லூத்தின் வலை விழுகிறது. இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து, வாலைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார். "அதேதான்! நீ சொன்னது சரி, தங்கச்சி." உயிரோடு அதைக் காகித உறையில் மடித்து அவள் கையில் கொடுக்கிறார். அவள் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறாள். பெண் தட்டான் ஒன்று வந்து அதே நாணலில் உட்கார்கிறது. லூஞ்சாவின் நெஞ்சருகே காகிதம் கரகரக்கிறது.

"இது எப்ப நிக்கும், அண்ணே?"

"சாயங்காலம் வரைக்கும் கிடக்கட்டும், குடல் காலியாகணும். அப்புறம் பாடம் பண்ற மருந்துல போட்டா நிறம் போகாது. அதுவரைக்கும் அழுத்திடாதே, கொக்கி உடைஞ்சிடும்."