நமத்துப்போன மருந்து

கொல்லையில் துப்பாக்கிக் குழாயைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தேன். கரித்தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. கந்தக நாற்றம் மூக்கைத் துளைத்தது. கம்பி நுனியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். மை மாதிரி வந்தது. மறுபடியும் ஒரு செம்பு ஊற்றினேன்.

கடலைக்கொல்லையில் பன்றி விரட்டுகிற துப்பாக்கி இது. சமஸ்தானத்து லைசென்ஸ் இருக்கிறது. சுடுவது என் வீட்டுக்காரர், கழுவுவது நான். கழுவாமல் போட்டால் அந்தக் கரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரெண்டே நாளில் குழாயில் துரு ஏறிவிடும்.

"நடடா! ஒழுங்கா நட!"

என் வீட்டுக்காரர், அவுக குரல்தான். வாணக்காரர் இன்னாசியைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கொல்லைக்கே வந்துட்டாக. இன்னாசி திருவிழாவுக்கு வாணம் கட்டுகிறவர். துப்பாக்கி மருந்தும் அவரிடம்தான் வாங்குவோம். பின்னாலேயே பக்கத்து வீட்டு மருதாயி வந்து நின்றாள்.

"இவன் குடுத்த மருந்தத்தான் நேத்துக் குழாயில கெட்டிச்சேன். குறி வச்சு இழுத்தா கேப்பு மட்டும் பட்டுங்குது. மருந்து பத்தவே இல்ல!"

எதைக் குறி வைத்தீர்கள் என்று மருதாயி கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். வரப்புத் தகராறில் அவுக கூடப்பிறந்த அண்ணன் பெரியகருப்பன் நெஞ்சுக்கு நேரே நீட்டிய துப்பாக்கி.

"எங்கண்ணனோட சேந்துக்கிட்டு மருந்துல கரித்தூளக் கலந்துட்டே. அப்புடித்தான?"

"மாதா சத்தியமா இல்ல தம்பி. போன வாரம் இதே மருந்துலதான பன்னி விழுந்துச்சு?"

"சத்தியம் பண்ணாத!"

மருதாயி மோவாயில் கை வைத்தாள். "முழியப் பாருங்க, முழிய. கேக்குற ஆளப் பாக்காம அடுப்பையே பாக்குறாரு. மடியில கனமில்லாமயா?"

நிஜம்தான். அவர் கண் கொல்லை அடுப்பின் மேல் இருந்தது. அங்கிருந்து என் மேல் வந்தது.

"குழாயில ஈரம் இருந்தாலும் பத்தாது தம்பி," என்றார் இன்னாசி. "கழுவுறப்பக் கொதிக்கிற வெந்நி ஊத்தணும். குழாயே சுட்டுப்போயி அந்தச் சூட்டுல உள்ளுக்குள்ள காஞ்சிரும்."

அவுக என் பக்கம் திரும்பினாக. "நீ என்ன ஊத்துறே?"

"வெந்நிதாங்க."

"கேட்டுக்கிட்டியா? வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து அவதான் கழுவுறா. இப்ப அவ தலையில கட்டப் பாக்குறியா?"

"ஒரு தடவ பாக்குறேன். குடுங்க தாயி."

கொடுத்தேன். குழாயை அடியிலிருந்து நுனிவரை தடவினார். துணியை உள்ளே விட்டு இழுத்தார். இழுத்த துணியை விரிக்காமல் கைக்குள்ளேயே சுருட்டிக்கொண்டார்.

"என்னடா மறைக்கிறே?"

"ஒண்ணுமில்ல தம்பி. தாயி நல்லாத்தான் கழுவியிருக்காக. கோளாறு எம்மேலதான். மார்கழிப் பனியில மருந்து நமத்துப்போச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

பளாரென்று ஒரு அறை.

"நான் சொன்னேன்ல!" என்றாள் மருதாயி.

"இனிமே இந்த வட்டாரத்துல ஒரு பய ஒங்கிட்ட மருந்து வாங்க மாட்டான். வர்ற திருவிழாவுக்கு ஒன் வாணம் எப்புடி ஏறுதுன்னு நானும் பாக்குறேன்!"

இன்னாசி கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி தம்பி. இருக்குற மருந்த எல்லாம் குடுத்துருங்க. காய வச்சு, இடிச்சு, புதுசாத் தாரேன். எட்டு நாளாகும்."

"எட்டு நாளா? நாளன்னைக்குச் சர்வேயர் வந்து வரப்ப அளந்து கல்லு நட்டுட்டுப் போயிருவான்டா!"

"இந்த உலகச் சண்டைக்காலத்துல வேற எங்கயும் கெடைக்காது தம்பி. அவசரப்பட்டா இதுவும் வெடிக்காது."

அவுக பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் மருந்துக் குடுக்கையை எடுத்து வந்து அவர் காலடியில் வீசினாக. காறித் துப்பிவிட்டு மறுபடி உள்ளே போயிட்டாக. மருதாயி தெருவுக்கு ஓடினாள். ஊர் முழுக்கச் சொல்ல அவளுக்கு ஒரு நாழிகை போதும்.

இன்னாசி குடுக்கையைத் துண்டில் முடிந்தார். சுருட்டிய துணியையும் துப்பாக்கியையும் என்னிடம் நீட்டினார். துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"தாயி," என்றார், தாழ்ந்த குரலில். "வெந்நி ஊத்துன குழாய் இப்புடியா சில்லுன்னு இருக்கும்? இனிமே கழுவுறப்ப அந்த அடுப்பையாச்சும் பத்த வச்சு வைங்க. நல்ல வேள, நான் தொட்டுப் பாத்தேன். ஒங்க வீட்டுக்காரரு தொட்டிருந்தா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, மூத்தாரு உசுரு போயிரக் கூடாதுன்னுதான் பச்சத்தண்ணிய ஊத்துனேன். அதுக்காக ஒங்க பேரு கெடணுமா? இருங்க, நான் இப்பவே போயி அவுககிட்ட உண்மையச்..."

"ஏ செவந்தி! தூளியில பிள்ள அழுவுது, இங்கிட்டு வா!" உள்ளேயிருந்து அவுக கூப்பிட்டாக.