முதுகுக்குள் புல்லாங்குழல்

“இன்னிக்கே அவளை அனுப்பிடுடா. இல்லைன்னா ஊரே கெட்டுப் போயிடும்” என்றார் வைத்திலிங்கம்.

அவர் அனுப்பச் சொன்னது இளையபெருமாளின் பெண்டாட்டி கொளஞ்சியம்மாளை. அன்று காலை காதுகுத்து வீட்டில், கொதிக்கிற சோற்றுப் பானையை வெறுங்கையால் பிடித்து இறக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி புளி கரைக்கப் போய்விட்டாள். விரல் வெந்து கொப்புளித்திருப்பதைப் பக்கத்தில் இருந்தவள்தான் பார்த்துக் கத்தினாள்.

சூடு தெரியாத கை என்றால் பெருவியாதி. செந்துறைப் பக்கம் அதற்கு வேறு பேர் கிடையாது. பந்தியில் பாதிப் பேர் எழுந்து கை கழுவினார்கள். ஊர்ப் பெரியவர் வைத்திலிங்கம் மட்டும் பாயசம் வரை சாப்பிட்டுவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்.

“சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க. அரியலூர் டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துடறேன்” என்று கெஞ்சினான் இளையபெருமாள்.

“காட்டு. நானும் வரேன். அவரு சொல்றத என் காதாலயே கேட்டுடறேன். அப்புறம் எவனும் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.”

யுத்த காலம், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ். சேதி அவர்களுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. கொளஞ்சியம்மாள் பக்கத்தில் யாரும் வராததால், அவளுக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது.

டாக்டர் சிவசுப்பிரமணியன் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த புதிது. தலைவலிக்கே நாலு முழத்துக்கு இங்கிலீஷ் பேர் வைப்பார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் பஞ்சால் தடவினார்.

“மெத்துனு என்னமோ படுதுங்க.”

ஊசியால் குத்தினார். “தொடுறீங்க” என்றாள். வெந்நீர்ப் புட்டியை வைத்தார். அதற்கும் “தொடுறீங்க” தான்.

டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. புத்தகத்தில் மட்டும் படித்த வியாதி நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறதே!

“சிரிங்கோமைலியா!” என்றார்.

“ஏசுறாரா?” என்று புருஷனைக் கேட்டாள் அவள்.

“இது பெருவியாதி இல்லம்மா, குஷ்டம் இல்ல. அதுவா இருந்தா வெளுத்த தேமல் இருக்கும், அந்த எடத்துல பஞ்சு பட்டாலும் தெரியாது. உங்களுக்குத் தொட்டா தெரியுது. சூடும் வலியும்தான் தெரியல. முதுகுத்தண்டுக்குள்ள ஓட்டை விழுந்திருக்கு. யாருக்கும் ஒட்டாது.”

“இதுக்குத் தமிழ்ல என்னங்க பேரு?” என்றார் வைத்திலிங்கம்.

“தமிழ்ல பேரு இல்லிங்க.”

“பேரில்லாத வியாதிய ஊர்ல என்னான்னு சொல்லுவேன்? நாங்க வெச்ச பேருதான் நிக்கும். மூட்டையக் கட்டச் சொல்லுடா.”

கொளஞ்சியம்மாள் அழ ஆரம்பித்தாள். பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவாள்?

டாக்டர் தலையைச் சொறிந்தார். “கிரேக்க பாஷையில சிரிங்க்ஸ்னா குழல். மாடு மேய்க்கிறவன் ஊதுவானே, அந்த மாதிரி. அவங்க தண்டுக்குள்ளயும்...”

இளையபெருமாள் எழுந்தே விட்டான். “புல்லாங்குழலா? கிருஷ்ணரு ஊதுறதா?”

“சரி, அப்படியே வெச்சுக்கோங்க. இதைத் தீர்க்க மருந்து கெடையாது. இனிமே சட்டி பானையெல்லாம் நீங்கதான் எறக்கணும்.”

“கொழம்பையே நான் வெச்சுடறேங்க!” என்றவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ் செந்துறை சேருவதற்குள் கிருஷ்ணர் குழல் கதை நன்றாகக் கொழுத்துவிட்டது. மூட்டை கட்டுகிற பேச்சு அதோடு போயிற்று. மறுநாள் ஒருத்தி வெண்ணெய் கொண்டு வந்தாள். இன்னொருத்தி பிள்ளை வரம் கேட்டாள். நாயனக்காரர் சம்சாரம் கொளஞ்சியம்மாள் முதுகில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, மோகனம் மாதிரி கேட்கிறது என்று அடித்துச் சொன்னாள்.

“நேத்து கெணத்துல கொடத்தையே வெக்க உடல. இன்னிக்கு வெண்ணெய எடுத்துக்கிட்டு வராளுவ” என்று கொளஞ்சியம்மாள் வயிறெரிந்தாள். ஆனாலும் வெண்ணெயை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் வைத்திலிங்கம் தனியாக அரியலூருக்கு வந்தார். எல்லா நோயாளிகளும் போகும்வரை காத்திருந்து, டாக்டரின் அறைக்குள் நுழைந்து தானே கதவைச் சாத்தினார். ஜிப்பாவைக் கழற்றித் திரும்பி நின்றார்.

முதுகில், வெற்றிலை அகலத்துக்கு வெளுத்த தேமல்.

டாக்டர் விரலால் தடவினார். “தெரியுதுங்களா?”

“ரொம்ப வருஷமாவே தெரியலிங்க.”

“பயப்படாதீங்க. இதுக்கு ஊசி இருக்கு. இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம்.”

வைத்திலிங்கம் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“ஊசிய மெதுவா போட்டுக்கலாம் டாக்டரய்யா. மொதல்ல எனக்கும் அந்தப் புல்லாங்குழல் பேரையே வெச்சு உட்டுடுங்க!”