மாணிக்கவேல் பேரில்

"அக்கா, பயந்துக்காதீங்க. இன்னைக்கும் சார் பேரு வந்துருக்குது."

குருமூர்த்தி சொன்னதும் சிவசங்கரி கையிலிருந்த டீயை, மேசை மேல் கிடந்த களிமண் லோடு பில் மேலேயே வைத்தாள்.

சார் என்றால் மாணிக்கவேல். சிவசங்கரியின் புருஷன். அந்த செராமிக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களையெல்லாம் கட்டி மேய்த்தவர். போன தை மாசம் பெண்ணாடம் ரோட்டில், பின்விளக்கு இல்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் பைக்கை விட்டு அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். முதலாளி மனசு இரங்கி ஸ்டோர்ஸில் இவளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். மாணிக்கவேல் இடத்துக்குக் குருமூர்த்தி வந்தான்.

செத்தவர் பேர் ஸ்கிரீனில் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

அந்தக் கம்பெனியிலிருந்து யார் இன்டர்நெட்டுக்குப் போனாலும் நடுவில் ப்ராக்ஸி என்று ஒரு கம்ப்யூட்டர், கேட்டு வாட்ச்மேன் மாதிரி, பேரும் பாஸ்வேர்டும் கேட்டுவிட்டுத்தான் வெளியே விடும். போனவர் பேர் குருமூர்த்தியின் ஸ்கிரீனில் விழும். கொஞ்ச நாளாகத் தினமும் காலையில் விழும் முதல் பேரே மாணிக்கவேல்தான்!

ஆபீஸே ஆடிப்போனது. கூட்டுகிற வீராயி, "சார் இருந்த ரூமுக்குள்ள நான் போவ மாட்டன் சாமி" என்று துடைப்பத்தை வாசலிலேயே போட்டுவிட்டாள். மேனேஜர் கலியமூர்த்தி அந்த ரூம் மானிட்டர் தலையில் ஒரு எலுமிச்சம்பழமே வைத்துவிட்டார். அப்போதெல்லாம் மானிட்டர் பெரிய பெட்டியாக இருக்கும். பழம் உருளாமல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

"ஏம்மா, காலையில மொத ஆளா வர்றது நீதான? எதாச்சும் கண்ணுல பட்டுச்சா?" என்றார் மேனேஜர்.

"இல்லீங்க சார்." அவள் பில்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல சார். வாங்க, காட்டறேன்" என்று குருமூர்த்தி இருவரையும் அந்த ரூமுக்குக் கூட்டிப்போனான். மாணிக்கவேல் உட்கார்ந்த அதே நாற்காலி. அதே லினக்ஸ் கம்ப்யூட்டர்.

"பிரவுசர்ல போனா, யாருன்னு கேட்டு ஒரு பொட்டி வரும். பேரு குடுத்துட்டுப் போயிடலாம். இந்தக் கறுப்பு ஸ்கிரீன்ல கட்டளை அடிச்சா அப்படி எதுவும் கேக்காது. ப்ராக்ஸி வெளிய விடாம நிறுத்திடும். அதனால சார் சூளை சாஃப்ட்வேர் எறக்கறதுக்காக, தன்னோட பேரையும் பாஸ்வேர்டையும் ஒரு வரியா மெஷினுக்குள்ளயே எழுதி வெச்சிட்டாரு. இதுல யாரு கட்டளை அடிச்சாலும் அவரு பேர்லதான் வெளிய போவும்."

"அப்ப அடிக்கிறது யாருய்யா?"

மேனேஜர் கேட்டதும் சிவசங்கரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெனம் தானா ஓடுற மாதிரி எதாச்சும் வெச்சிருப்பாரு சார். இந்த வரிய அழிச்சிட்டு, ப்ராக்ஸியிலயும் அவரு பேர எடுத்துட்டா தீந்துச்சு."

"எடுத்துத்தான் ஆவணுமா தம்பி?" அவளுக்கு அடக்க முடியவில்லை. "ரேஷன் கார்டுல எடுத்தாச்சு. ஓட்டு லிஸ்ட்டுலயும் எடுத்தாச்சு. அவரு பேரு உசுரோட இருக்குறது இங்க மட்டுந்தான்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கலியமூர்த்தி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தபடி சொன்னார். "மனச தேத்திக்கம்மா. போன மனுஷன இப்புடி தெனம் வேலைக்குக் கூப்புட்டுக்கிட்டு இருந்தா, அவருக்கும்தான் நிம்மதி ஏது?"

குருமூர்த்தி எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "நீங்களே அழிச்சிடுங்கக்கா."

அந்த வரியை அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள். அவர் பேர். அதை ஒட்டியே பாஸ்வேர்டு. அது அவளுடைய பேர்.

"பாவி மனுஷா" என்று முணுமுணுத்தபடியே அழித்தாள்.

குருமூர்த்தி ஒரு கட்டளை அடித்துப் பார்த்தான். ப்ராக்ஸி வெளியே விடவில்லை. பக்கத்து ரூமிலிருந்த தன் ஸ்கிரீனுக்குப் போய் அங்கேயும் மாணிக்கவேல் பேரை எடுத்தான். போதாததற்கு மேனேஜர் லினக்ஸ் மெஷினின் ப்ளக்கைப் பிடுங்கி, ரூமைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பாடா என்று எல்லோரும் டீ குடித்தார்கள். சிவசங்கரி மட்டும் டீயைத் தொடவில்லை.

மறுநாள் ரயில்வே கேட்டில் கரும்பு லாரி சிக்கிக்கொண்டது. அவள் ஏறிய பஸ் வந்து சேர வெகு நேரமாகிவிட்டது. அவள் ஓட்டமும் நடையுமாகக் கம்பெனிக்கு வந்தபோது, வாசலிலேயே குருமூர்த்தி நின்றிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் மேனேஜர் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அக்கா, ரூமு பூட்டுனது பூட்டுனபடியே இருக்குது. தொறந்து பாத்தோம், ப்ளக்கும் புடுங்குனபடியே கெடக்குது." அவன் மேனேஜர் கையிலிருந்த சாவியைக் காட்டினான். "ஆனா காலையில மொத பேரா சார் பேரு வந்துருக்குது."

சிவசங்கரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நேற்று வரைக்கும் தினமும் யாரும் வருவதற்கு முன்னால் அந்த ரூமுக்குள் நுழைந்து, அவர் எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்த ஒரே ஒரு கட்டளையை அடித்து அவர் பேரை வரவைத்தது அவள்தான். இன்றைக்கு அவள் இப்போதுதான் உள்ளேயே நுழைகிறாள்.