முன் சீட்டுக்கு வந்த யோகம்

"பின் சீட்டுல இருக்கிற மசாஜ் மிஷினைக் கழட்டி முன்னாடி வைங்க. ஓட்டுறவங்க சீட்டுல."

முதலாளி இப்படிச் சொன்னதும் மீட்டிங் அறையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

அந்த கார் கம்பெனி முதன்முதலாகச் செய்கிற சொகுசு எஸ்யூவி அது. ரொம்பப் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. ஏழு பேருக்கு என்று வரைந்தபோது, "இது காரா, டவுன் பஸ்ஸா?" என்று முதலாளியே சிரித்ததால் ஐந்து பேருக்குச் சுருக்கினார்கள். களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்து, பிடிக்காமல் அழித்து, மறுபடி செய்து, ஒரு வழியாக ஓடுகிற வண்டி ஒன்று தயாராகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தக் குண்டு.

அதிகம் அடிபட்டது 'சீட்டக்கா'. இருக்கைப் பிரிவின் தலைமைப் பொறியாளருக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. பின் சீட்டைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவர்.

விற்பனை மேலாளர் மெல்ல இழுத்தார். "சார், இவ்வளவு பெரிய வண்டி வாங்குறவங்க பின்னாடிதானே உட்காருவாங்க..."

"முதல் வண்டி யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்."

"நான்தான் ஓட்டப் போறேன். எனக்கு முதுகு வலி. போதுமா?"

விற்பனை மேலாளர் அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டார்.

அதோடும் விடவில்லை மனிதர். வாரத்துக்கு ஒரு புது ஆசை வந்தது.

"அந்த சீட்டு நல்லா மல்லாந்து படுக்கிற மாதிரி சாயணும். எனக்கு மதியம் ஒரு குட்டித் தூக்கம் வேணும்."

"இன்ஜினை நிறுத்தினாலும் காத்து வரணும். எனக்குப் புழுக்கம் ஆகாது."

"கைக்கு எட்டுற மாதிரி சாப்பாட்டு டப்பா வைக்க ஒரு இடம் பண்ணுங்க. சூடு ஆறக் கூடாது."

"முதலாளி காருக்குள்ளயா சாப்பிடப் போறாரு?" என்று கேன்டீனில் ஒருவர் கேட்க, "வீட்ல துரத்தி விட்டுட்டாங்களோ என்னவோ!" என்று இன்னொருவர் சொல்ல, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

சீட்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் கொட்டித் தீர்த்தார்.

"தன் முதுகு, தன் தூக்கம், தன் சாப்பாடு! இப்படியும் ஒரு மனுஷனுக்கு சுயநலம் இருக்குமா?"

"அவர் கம்பெனி, அவர் கார். உனக்கென்ன?"

"எனக்கென்னவா? நாளைக்குப் பின் சீட்டுல உட்கார்ந்து பார்க்கிறவங்க என் தலையைத்தானே உருட்டுவாங்க?"

ஆனாலும் முதலாளி உட்காரப் போகிற இடமாயிற்றே. ஒரு தையல் பிசகினால்கூட மானம் போய்விடும். சீட்டக்கா பஞ்சைப் பிரித்துப் பிரித்து மாற்றினார். தோல் உறையைத் தானே தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். மலைச் சாலையில் வண்டி ஏறி இறங்கும்போது கூடவே போய்க் குலுங்கிவிட்டு வந்தார்.

"சார், நீங்க ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துட்டா நல்லது."

"எனக்கு எங்கம்மா நேரம்? இவர் உட்காரட்டும். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புதான்."

முதலாளி கைகாட்டியது தன் டிரைவரை. முதலாளி தண்ணீர்த் தொட்டி. டிரைவர் ஒட்டடைக் குச்சி. சீட்டக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

டிரைவர் கூச்சத்தோடு சீட்டின் நுனியில் உட்கார்ந்தார். "நல்லா இருக்கும்மா."

"யோவ், நல்லா சாஞ்சு உட்காரு. எங்க குத்துதுன்னு சொல்லு," என்று முதலாளி அதட்டினார். டிரைவர் சொன்னார். சீட்டக்கா மறுபடியும் பஞ்சைப் பிரித்தார்.

கடைசியில் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. ஓட்டிப் பார்த்தவர்கள் இறங்கவே மனமில்லாமல் இறங்கினார்கள். 'இதை விட்டு இறங்கினால் வீட்டு சோபா உறுத்துகிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. "அக்கா, பிழைச்சோம்!" என்று விற்பனை மேலாளர் ஓடி வந்து கை குலுக்கினார்.

முதல் வண்டியை ஒப்படைக்கும் நாள். தொழிற்சாலை முற்றத்தில் மொத்தக் கூட்டமும் நின்றது. கேமராக்கள் தயாராக இருந்தன.

"சார், நீங்களே ஓட்டிக்கிட்டு வெளியே வந்தீங்கன்னா படம் பிரமாதமா இருக்கும்," என்று விற்பனை மேலாளர் சாவியை நீட்டினார்.

முதலாளி வாங்கினார். வாங்கிய கையோடு டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

சீட்டக்காவுக்கு வந்ததே கோபம்! ஜன்னல் பக்கம் போய் நின்றார். "சார், நீங்கதான் ஓட்டப் போறதா சொன்னீங்க?"

"எனக்கு எங்கம்மா கார் ஓட்டத் தெரியும்?"

"என்ன சார் சொல்றீங்க?"

டிரைவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். "ஐயா ஒரே ஒரு தடவை கத்துக்க உட்கார்ந்தாரும்மா. வீட்டு கேட்டு பெயர்ந்து விழுந்துச்சு. அதோட சரி."

முதலாளியும் சேர்ந்து சிரித்தார். "நான் உள்ள ஏசியில மீட்டிங்ல உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் இவர் வெளிய வண்டியிலதானே காயறார். திங்கிறது, தூங்குறது எல்லாம் அதுக்குள்ளதான்."

சீட்டக்கா முன் சீட்டையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்? நாங்க செஞ்சிருக்க மாட்டோமா?"

"செஞ்சிருப்பீங்கம்மா," என்றார் முதலாளி. "டிரைவருக்குன்னு சொல்லியிருந்தா ஏதோ ஒரு சீட்டு செஞ்சிருப்பீங்க. எனக்குன்னு சொன்னதாலதானே இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சீங்க!"