வாயைத் திற, மருமகளே

"வாயைத் திற" என்றாள் நபவிய்யா.

ராவியாவுக்கு முகம் சிவந்தது. பெண் பார்க்க வரும் மாமியார் அக்ரூட் கொட்டையைக் கொடுத்துப் பல்லால் உடைக்கச் சொல்வது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அதை உடைத்தும் காட்டியாகிவிட்டது. இன்னும் என்ன?

நபவிய்யா விடவில்லை. விளக்கை அருகில் இழுத்து, மேலண்ணம்வரை எட்டிப் பார்த்தாள். விரலால் ஓரிடத்தை அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லையே."

நபவிய்யா எழுந்துகொண்டாள். "கல்யாணப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்."

ராவியாவின் அம்மா கொதித்துப் போனாள். "ஒட்டகம் வாங்க வந்தவ மாதிரி பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு, வேணாம்னு போறியா?"

நபவிய்யா மறுநாள் பெண்ணைத் தன்னோடு ஸோஹாக் நகரத்துக்கு அனுப்பச் சொன்னாள். எதற்கென்றும் சொல்லவில்லை. அம்மா முடியாது என்றுவிட்டாள். ஆனால் ராவியாவுக்கு நபவிய்யாவின் மகன் ஹம்தானை இழக்க மனமில்லை. துணி எடுக்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, அவன் அம்மாவோடு வேன் ஏறினாள்.

போய் இறங்கியது தோல் ஆஸ்பத்திரியில்.

அங்கே டாக்டரும் வாயைத்தான் திறக்கச் சொன்னார். அண்ணத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள். காது மடலில் லேசாகக் கீறி எடுத்துச் சோதித்தார்.

"தொழுநோய்" என்றார். "ஆரம்பம்தான்மா. ஒரு வருஷம் மாத்திரையை விடாம சாப்பிட்டா போயிடும். சாப்பிட ஆரம்பிச்சுட்டா யாருக்கும் தொத்தாது. தாராளமாக் கல்யாணம் பண்ணிக்கலாம்."

முதல் வார்த்தைக்குப் பிறகு ராவியாவின் காதில் எதுவும் விழவில்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள்.

பக்கத்தில் நபவிய்யா குலவையிட்டாள். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாண வீடு என்று நினைத்தாளோ என்னவோ, மூலையிலிருந்த ஒருத்தி பதிலுக்குக் குலவையிட்டாள்.

"நல்லவேளை தப்பிச்சோம்னு சந்தோஷமா அத்தை?" என்றாள் ராவியா.

"போடி பைத்தியம். வீட்டுல வெச்சு இந்தப் பேரைச் சொன்னா ஊரே கதவைச் சாத்தும். அதான் வாயை மூடிக்கிட்டேன். இந்த மாசமே கல்யாணம். உங்கம்மா தலையில முத்தம் வெச்சு நானே மன்னிப்புக் கேக்கறேன்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

நபவிய்யா வாய்க்குள் விரலை விட்டு, அண்ணத்தில் மாட்டியிருந்த தகட்டைக் கழற்றினாள். அங்கே ஓர் ஓட்டை இருந்தது. குரல் மூக்கு வழியே வந்தது.

"நான் மருமகளா வந்தப்ப என் பல்லைத்தான் எண்ணிப் பாத்தாங்க. அண்ணத்தை ஒருத்தியும் பாக்கல."