இந்த வாரம் யார் முறை

வேக்குவம் கிளீனரின் ஃபில்டரைக் கழுவுவது ஒரு வாரம் என் வேலை, மறுவாரம் என் கணவர் வேலை. யார் முறை என்று ஓயாமல் சண்டை வந்ததால், கழுவியவர் மெஷினின் முதுகில் ஒட்டிய தாளில் தேதி போட வேண்டும் என்று ஏற்பாடு.

போன ஞாயிறு என் முறை. ஃபில்டரைத் தட்டித் தூசியை உதிர்த்தேன். தண்ணீர் தெளிகிறவரை குழாயில் காட்டி, ஜன்னலோரம் காயவைத்தேன். தேதி போடப் போனால், அடுத்த ஞாயிற்றின் தேதி ஏற்கெனவே அங்கே இருந்தது. ஏழின் குறுக்கே கோடு இழுக்கும் என் கையெழுத்து.

"என் முறையையும் நீயே எடுத்துக்கிட்டியா? ரொம்ப சந்தோஷம்!" என்றார் அவர்.

"நான் எழுதலைங்க."

"பின்ன, மெஷினா எழுதிச்சு?"

இன்று அந்த ஞாயிறு. மெஷின் பக்கமே போகக்கூடாது என்று காலையிலேயே அக்கா வீட்டுக்குக் கிளம்பினோம். லிஃப்ட் வரை போனதும்தான் தெரிந்தது, வழக்கம்போல அவர் கண்ணாடியை மறந்திருந்தார்.

"இங்கேயே இருங்க, எடுத்துட்டு வரேன்."

உள்ளே, ஜன்னலோரம் ஃபில்டர் சொட்டிக்கொண்டிருந்தது. என் கைகள் முழங்கைவரை நனைந்திருந்தன. தாளில் அடிவரை இனி வரப்போகும் தேதிகள், ஒரு ஞாயிறுகூட விடாமல். எல்லாமே என் கையெழுத்து. அவர் முறை ஒன்றுகூட இல்லை.

"என்னங்க!" என்று கத்தினேன்.

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.